கேமராவைச் சுருக்கிய ஆஸ்கார் பர்னாக்

குழந்தைகளே! ஒரு வெள்ளைத்தாள், பென்சில், ஸ்கேல் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு கட்டம் போடுங்கள். போட்டாயிற்றா? ஏறக்குறைய ஒரு தபால்தலை அளவுதான் வந்திருக்கும்.

இந்தச் சின்னக் கட்டம் சாதாரணமானது அல்ல. டிஜிட்டல் கேமரா விற்கும் கடைக்குப் போனால் ஃபுல் ஃப்ரேம் கேமரா என்று ஒரு வகையைக் காட்டுவார்கள். அதாவது, முழு அளவுக் கேமரா. அந்த முழு அளவு என்பது நீங்கள் இப்போது போட்ட கட்டம்தான். மற்ற கேமராக்களை எல்லாம் இதைவிடப் பெரியது, இதைவிடச் சிறியது என்று இதோடு ஒப்பிட்டே சொல்கிறார்கள்.

ஏன் சரியாக 36-க்கு 24? ஒரு பெரிய விஞ்ஞானி கரும்பலகையில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த அளவா? இல்லை. மூச்சுத்திணறல் நோயால் அவதிப்பட்ட ஒரு மெக்கானிக், பாரம் தூக்க முடியாமல் வேறு வழி தேடியபோது பிறந்த அளவு இது. அவர்தான் ஜெர்மனியைச் சேர்ந்த ஆஸ்கார் பர்னாக். அவருடைய கதையைத் தெரிந்துகொள்வோமா?

ஓவியராக ஆசை

பெர்லின் நகரத்துக்குத் தெற்கே லீனோ என்றொரு சிறிய கிராமம் இருக்கிறது. அங்கே 1879-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி ஆஸ்கார் பர்னாக் பிறந்தார். பிறகு அவருடைய குடும்பம் பெர்லினை ஒட்டிய பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

சிறுவன் ஆஸ்காருக்கு இயற்கைக் காட்சிகள் என்றால் உயிர். பெரியவன் ஆனதும் மலை, காடு, ஆறு எல்லாவற்றையும் வரையும் ஓவியராக வேண்டும் என்பது அவனுடைய ஆசை. ஆனால், வீட்டில் இருந்தவர்களுக்குக் கவலை. படம் வரைந்து வயிறு நிரம்புமா? கையில் ஒரு தொழில் இருந்தால்தானே பிழைக்க முடியும் என்று நினைத்தார்கள். எனவே, வானத்தை ஆராயும் கருவிகளைச் செய்யும் ஒரு பட்டறையில் அவனை வேலை பழகச் சேர்த்துவிட்டார்கள்.

ஆசைப்பட்டது கிடைக்கவில்லையே என்று ஆஸ்கார் சோர்ந்துபோகவில்லை. அரம் பிடிக்கவும், கடைசல் இயந்திரம் ஓட்டவும், தலைமுடி அளவு பிசகும் இல்லாமல் உலோகத்தைச் செதுக்கவும் கற்றுக்கொண்டார். தொலைநோக்கிக்கு வேண்டிய ஒரு சிறு சக்கரம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் நட்சத்திரம் பார்வைக்கு அகப்படாதே! அந்தத் துல்லியம் பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

பயிற்சி முடிந்ததும், அக்கால ஜெர்மன் கைவினைஞர்களின் வழக்கப்படி ஊர் ஊராகப் போய் வேலை செய்தார். 1902-ஆம் ஆண்டு ஜெனா என்ற நகரில் இருந்த கார்ல் சைஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். லென்ஸ், மைக்ரோஸ்கோப் போன்றவற்றைச் செய்வதில் உலகப் புகழ் பெற்ற நிறுவனம் அது.

மலை ஏறிய பெட்டி

ஓவியர் ஆக முடியாத பர்னாக், இயற்கைக் காட்சிகளைப் புகைப்படமாக எடுக்கத் தொடங்கினார். ஜெனாவிலிருந்து போய்வரும் தூரத்தில் துரிங்கியா காட்டு மலைகள் இருக்கின்றன. விடுமுறை கிடைத்தால் கேமராவோடு அங்கே கிளம்பிவிடுவார்.

கேமராவோடு என்று சொல்லிவிட்டோம். அந்தக் காலத்துக் கேமரா எப்படி இருந்தது தெரியுமா? பர்னாக்கிடம் இருந்தது 13 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகளைப் பயன்படுத்தும் கேமரா. தகட்டின்மேல் ஒளிபட்டால் மாறும் மருந்து பூசியிருக்கும். ஒரு படத்துக்கு ஒரு தகடு. ஆறு படம் எடுக்க ஆறு கண்ணாடித் தகடுகள். அவற்றை வெளிச்சம் படாமல் வைக்கத் தனித்தனி உறைகள். கேமரா ஆடாமல் நிற்க முக்காலி. எல்லாவற்றையும் போட்டு எடுத்துச்செல்லத் தோல் பெட்டி. ஊருக்குப் போகும் மூட்டை முடிச்சுபோல் இருக்கும்!

ஏன் அவ்வளவு பெரிய தகடு? அப்போதெல்லாம் பெரும்பாலும் தகட்டைத் தாளின்மேல் அப்படியே வைத்துத்தான் பிரதி எடுப்பார்கள். தகடு எவ்வளவு பெரிதோ, படமும் அவ்வளவு பெரிது. பெரிய படம் வேண்டுமானால் பெரிய தகடு வேண்டும். பெரிய தகட்டுக்குப் பெரிய கேமரா வேண்டும். அதைத் தூக்க வலுவான ஆள் வேண்டும்.

பர்னாக் வலுவான ஆள் இல்லை. அவருக்கு ஆஸ்துமா. நான்கு எட்டு மேட்டில் ஏறினாலே மூச்சு வாங்கும். அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? படம் எடுப்பதையே விட்டுவிடலாம். அல்லது சமவெளியிலேயே நின்று எடுக்கலாம். பர்னாக் இரண்டையும் செய்யவில்லை. அவர் கேள்வியையே மாற்றிப் போட்டார். எடுக்கும்போதே படம் ஏன் பெரிதாக இருக்க வேண்டும்? சின்னதாக எடுத்துவந்து, வீட்டில் உட்கார்ந்து அதைப் பெரிதாக்கினால் என்ன? இதுதான் அவர் மனத்தில் விழுந்த விதை.

முதல் முயற்சி தோல்வி

1905-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு சோதனை செய்து பார்த்தார். ஒரே கண்ணாடித் தகட்டை மனத்தால் பல சிறு கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சின்னப் படம் பதிவாகும்படி கேமராவை மாற்றி அமைத்தார். பிறகு அந்தச் சின்னப் படங்களைப் பெரிதாக்கினார்.

ஏமாற்றம்தான் மிச்சம். படம் முழுவதும் மணலைக் கொட்டியதுபோல் பொரிப்பொரியாக இருந்தது. காரணம் என்ன? தகட்டின்மேல் பூசிய மருந்தில் வெள்ளி உப்பின் நுண்ணிய துகள்கள் இருக்கும். ஒளிபட்ட துகள்கள் சேர்ந்துதான் படம் உருவாகும். அன்றைய தகடுகளில் அந்தத் துகள்கள் பெரிதாக இருந்தன. படத்தைப் பெரிதாக்கியபோது துகள்களும் சேர்ந்து பெரிதாகிவிட்டன!

யோசனை சரிதான். ஆனால், அதற்கேற்ற பொருள் அவர் கையில் இல்லை. பர்னாக் காத்திருந்தார்.

சினிமா ஃபிலிம் காட்டிய வழி

ஜெனாவில் பர்னாக்கோடு வேலை செய்தவர் எமில் மெஷாவ். இவர் சினிமாப் படம் காட்டும் கருவிகளில் ஆர்வம் கொண்டவர். வெட்ஸ்லார் என்ற ஊரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனம் மைக்ரோஸ்கோப்புகளைத் தயாரித்து வந்தது. மெஷாவ் அங்கே வேலைக்குப் போனார். தன் நண்பரின் திறமையையும் அங்கே எடுத்துச் சொன்னார். 1911-ஆம் ஆண்டு ஜனவரியில் பர்னாக்கும் லைட்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். புதிய கருவிகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர் ஆனார்.

அப்போது சினிமா வளர்ந்துகொண்டிருந்த நேரம். பர்னாக் தாமே ஒரு சினிமா கேமராவைச் செய்தார். அதனால் சினிமா ஃபிலிம் அவர் கையில் தினமும் புழங்கியது. 35 மில்லிமீட்டர் அகலமுள்ள நீண்ட நாடா அது. இரண்டு ஓரங்களிலும் வரிசையாகத் துளைகள் இருக்கும். துளைகளுக்கு நடுவே 24 மில்லிமீட்டர் அகலமும் 18 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட குட்டிக் குட்டிப் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்.

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய படம். அதைத் தியேட்டரில் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். மக்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள்! பர்னாக் தேடிய பொருள் கண்முன்னே ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைப் போல் உடையாது. எடை இல்லை. சுருட்டி வைத்துவிடலாம்.

ஆனால், சினிமாவில் ஒரு படம் கண்ணில் நிற்பதற்குள் அடுத்த படம் வந்துவிடும். குறை தெரியாது. புகைப்படத்தையோ நாம் கையில் வைத்து உற்றுப் பார்ப்போம். அதற்கு 24-க்கு 18 போதாது என்று பர்னாக்குக்குத் தோன்றியது. என்ன செய்தார் தெரியுமா? மேலிருந்து கீழே ஓடும் ஃபிலிமைக் கேமராவுக்குள் படுக்கைவசமாக ஓடவிட்டார். இரண்டு சினிமாப் படங்களின் இடத்தை ஒரே படத்துக்குக் கொடுத்தார்.

உங்கள் தாளில் இருக்கும் கட்டத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். இரண்டு பாதிகளும் 18-க்கு 24. இதுவே இரண்டு சினிமாப் படங்கள். கோட்டை அழித்துவிடுங்கள். 18-ம் 18-ம் சேர்ந்து 36. உயரம் 24. இதுதான் பர்னாக்கின் அளவு!

அவர் முன்பு தூக்கிச் சுமந்த கண்ணாடித் தகட்டில் இந்தக் கட்டங்களை நிரப்பினால், ஏறக்குறைய 27 கட்டங்கள் கொள்ளும். அவ்வளவு சிறியதாகச் சுருக்கிவிட்டார்.

சட்டைப் பையில் லில்லிபுட்

1914-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்தக் கேமரா தயாராகிவிட்டது. தன் வேலைக் குறிப்பேட்டில் அதற்கு லில்லிபுட் கேமரா என்று பெயர் எழுதி வைத்தார் பர்னாக். கல்லிவர் கதையில் வரும் குள்ள மனிதர்களின் நாட்டுப் பெயர் அல்லவா அது! கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். முக்காலி வேண்டாம். தோல் பெட்டி வேண்டாம். மூச்சு வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தக் கேமராவில் இன்னொரு வசதியும் இருந்தது. ஃபிலிமை அடுத்த படத்துக்கு நகர்த்தும்போதே, ஒளியை உள்ளே விடும் திரையும் அடுத்த படத்துக்குத் தயாராகிவிடும். ஒரே திருகு, இரண்டு வேலை! இதனால் ஒரு படத்தின்மேல் இன்னொரு படம் தவறுதலாகப் பதிவாவது நின்றது.

நிறுவனத்தின் உரிமையாளருடைய மகன் இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் அதே ஆண்டில் அமெரிக்கா போனபோது, இந்தக் கேமராவால் நியூயார்க் தெருக்களைப் படம் எடுத்தார். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. இனி என்ன, விற்பனைக்கு வந்துவிட வேண்டியதுதானே?

வரவில்லை. 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. வெட்ஸ்லார் தெருவில் போர் அறிவிப்பு வந்த நாளில் பர்னாக் தன் சின்னக் கேமராவோடு அங்கே இருந்தார். மக்கள் கூடி நின்ற காட்சியைப் படம் எடுத்தார். 1920-இல் வெட்ஸ்லாரில் வெள்ளம் வந்தபோதும் நீர் சூழ்ந்த தெருக்களைப் படம் எடுத்தார். பெட்டியை இறக்கி, முக்காலியை விரித்து, தகட்டைச் செருகிக் கொண்டிருந்தால் இவையெல்லாம் கிடைத்திருக்குமா?

ஆனாலும், பத்து ஆண்டுகள் அந்தக் கேமரா அவருடைய பையிலேயே கிடந்தது.

எல்லாரும் தயங்கிய நாள்

போர் முடிந்தது. ஜெர்மனி தோற்றது. நாட்டில் பணத்தின் மதிப்பு படுபாதாளத்துக்குப் போனது. 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலர் வாங்க 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது! நோட்டுக் கட்டுகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். தொழிற்சாலைகள் தடுமாறின. லைட்ஸ் நிறுவனத்தில் வேலை செய்தவர்களுக்கும் நாளை வேலை இருக்குமோ இருக்காதோ என்ற பயம்.

இந்த நேரத்தில்தான் பர்னாக்கின் கேமரா மறுபடி மேசைக்கு வந்தது. சோதனைக்காக இருபது சொச்சம் கேமராக்களைச் செய்து பலரிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குப் பிடித்தது. சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள்.

1924-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நிறுவனத்தில் ஒரு கூட்டம் நடந்தது. மைக்ரோஸ்கோப் செய்யும் நமக்குக் கேமரா எதற்கு? இவ்வளவு சின்னப் படத்தை யார் மதிப்பார்கள்? விற்காவிட்டால் இருப்பதும் போய்விடுமே? கேள்விமேல் கேள்வியாக எழுந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ். அப்போது நிறுவனம் அவர் பொறுப்பில் இருந்தது. இந்தக் கேமரா வெற்றி பெற்றால், இந்தக் கஷ்ட காலத்தில் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்கலாம் என்று நினைத்தார். கடைசியில் துணிந்து, கேமராவைத் தயாரிப்பது என்று முடிவு செய்தார்.

அதே நிறுவனத்தில் இருந்த மாக்ஸ் பெரெக் என்பவர் அதற்கென்றே அருமையான லென்ஸை வடிவமைத்தார். படம் சிறியது என்பதால், லென்ஸ் மிகக் கூர்மையாக இருக்க வேண்டும் அல்லவா?

1925-ஆம் ஆண்டு லைப்சிக் நகரில் நடந்த வசந்தகாலப் பொருட்காட்சியில் அந்தக் கேமரா உலகுக்கு அறிமுகம் ஆனது. லைட்ஸ் என்பதிலிருந்து லை, கேமரா என்பதிலிருந்து கா. இரண்டையும் சேர்த்து லைக்கா என்று பெயர் வைத்தார்கள். லைக்கா என்றதும் 1957-இல் விண்வெளிக்குப் போன நாய் நினைவுக்கு வருகிறதா? அது வேறு, இது வேறு!

பொம்மை என்றவர்கள் வியந்தார்கள்

முதலில் பெரிய கேமராக்காரர்கள் சிரித்தார்கள். இது விளையாட்டுப் பொம்மை என்று ஒதுக்கினார்கள். ஆனால், தெருவில் நடப்பதை நடக்கும்போதே எடுக்க விரும்பியவர்களுக்கு லைக்கா வரப்பிரசாதம் ஆனது. 1930-இல் லென்ஸைக் கழற்றி மாற்றும் வசதி வந்தது. 1932-இல் தூரத்தைக் கணிக்கும் கருவி கேமராவிலேயே பொருத்தப்பட்டது. இந்த முன்னேற்றங்களிலும் பர்னாக்கின் உழைப்பு இருந்தது.

பிரான்ஸ் நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெசோன் லைக்காவை வைத்தே உலகப் புகழ் பெற்றார். 1948-ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று டில்லியில் மகாத்மா காந்தியைச் சந்தித்தவர் இவர். அன்று மாலையே காந்தியடிகள் சுட்டுக்கொல்லப்பட்டார். துயரத்தில் ஆழ்ந்த மக்களையும் இறுதி ஊர்வலத்தையும் பிரெசோன் எடுத்த படங்கள் இன்றும் நம் வரலாற்றுச் சான்றாக இருக்கின்றன.

இதையெல்லாம் பார்க்கப் பர்னாக் உயிரோடு இல்லை. 1936-ஆம் ஆண்டு ஜனவரி 16 அன்று, 56-ஆம் வயதில் அவர் காலமானார்.

ஆனால், அவருடைய கட்டம் உலகம் முழுவதும் பரவியது. கோடாக் நிறுவனம் 1934-இல் இதே ஃபிலிமை வெளிச்சத்திலேயே மாட்டக்கூடிய சிறு உருளையில் அடைத்து விற்கத் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் அதே அளவுக்குக் கேமரா செய்தன. ஒரு சுருளில் 36 படங்கள். உங்கள் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பத்தோடு நெகட்டிவ் பட்டைகள் இருந்தால், ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் 36-க்கு 24 இருக்கும்!

ஃபிலிம் போனது, கட்டம் நின்றது

பிறகு டிஜிட்டல் காலம் வந்தது. டிஜிட்டல் கேமராவில் ஃபிலிம் இருக்கும் இடத்தில் சென்சார் என்ற சிலிக்கான் சில்லு இருக்கிறது. அதன்மேல் லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான நுண்ணிய புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் விழும் ஒளியை மின்சாரமாக மாற்றும். அந்த மின்சாரத்தை எண்ணாக்கிப் படமாகக் கோப்பார்கள். ஒளியைப் பதிவுசெய்யும் சி.சி.டி. என்ற சில்லுக்கு வித்திட்டவர்கள் வில்லார்ட் பாய்ல், ஜார்ஜ் ஸ்மித் என்ற இருவர். 1969-இல் அவர்கள் செய்த இந்தக் கண்டுபிடிப்புக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1975-இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் செய்த டிஜிட்டல் கேமராவில் நூறுக்கு நூறு, அதாவது 10,000 புள்ளிகள் மட்டுமே இருந்தன.

பர்னாக்கின் கட்டம் அளவுக்குப் பெரிய சென்சார் செய்வது சுலபமாக இல்லை. ஏன்? சென்சாரை வட்டமான சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கிறார்கள், வட்டத் தட்டிலிருந்து பர்பி வெட்டுவது மாதிரி. துண்டு பெரிதானால் எண்ணிக்கை குறையும். ஓரமும் வீணாகும். எங்காவது ஒரு சிறு குறை இருந்தால், அந்தத் துண்டு முழுவதும் வீண். சின்னத் துண்டு என்றால் நஷ்டமும் சின்னது. எனவே, பெரிய சென்சாரின் விலை மிக அதிகம். 36-க்கு 24 அளவு சென்சார் கொண்ட கேமராக்கள் 2002-இல்தான் கடைக்கு வந்தன. அதுவரை பெரும்பாலும் சிறிய சென்சார்களைக் கொண்டே சமாளித்தார்கள்.

இப்போது உங்கள் தாளை எடுங்கள். பர்னாக்கின் கட்டத்துக்குப் பக்கத்தில் இவற்றையும் வரையுங்கள்.

* ஏபிஎஸ்-சி என்ற வகை: ஏறக்குறைய 23.6-க்கு 15.6 மி.மீ.
* மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: 17.3-க்கு 13 மி.மீ.
* ஒரு அங்குல சென்சார்: 13.2-க்கு 8.8 மி.மீ.
* சின்னப் பாக்கெட் கேமரா: ஏறக்குறைய 6.2-க்கு 4.6 மி.மீ.

செல்போன்களில் பல அளவுகள் உண்டு. பெரும்பாலானவை ஒரு அங்குல சென்சாரைவிடச் சிறியவை. பர்னாக்கின் கட்டத்தைவிடப் பெரிய 44-க்கு 33 மி.மீ. சென்சார்களும் இருக்கின்றன.

ஸ்கேல் வைத்த கெட்டிக்காரர்கள் இந்நேரம் ஒரு தவற்றைப் பிடித்திருப்பீர்கள். ஓர் அங்குலம் என்பது 25.4 மி.மீ. ஒரு அங்குல சென்சாரில் எந்தப் பக்கமும் அவ்வளவு இல்லையே! மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ. தான் வரும். அது பழைய டி.வி. கேமராக் காலத்துக் கணக்கு. அந்தக் கேமராக்களில் ஒளியைப் பதிவுசெய்யக் கண்ணாடிக் குழாய் இருந்தது. குழாயின் வெளி விட்டத்தைத்தான் அளவாகச் சொல்வார்கள். உள்ளே படம் விழும் இடம் அதைவிடச் சிறியது. குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது!

புள்ளிகள் மட்டும் போதுமா?

விளம்பரங்களில் 50 மெகாபிக்சல், 100 மெகாபிக்சல் என்று போடுகிறார்கள். ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளிகள். புள்ளி அதிகமானால் படம் நன்றாக இருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அகலமான வாசலில் 20 புள்ளிக் கோலம் போடலாம். அதே 20 புள்ளியை ஒரு சிலேட்டில் போட்டால்? ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் சுருங்கிவிடும். சென்சாரிலும் அப்படித்தான். சின்னக் கட்டத்தில் அதே எண்ணிக்கைப் புள்ளிகளைத் திணித்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறையும்.

ஒளி குறைந்தால் என்ன ஆகும்? சலசலப்பான வகுப்பில் ஒருவர் உரக்கப் பேசினால் கேட்கும். முணுமுணுத்தால் சத்தத்தில் அமுங்கிவிடும். படத்திலும் எப்போதும் ஒரு சலசலப்பு உண்டு. நிறைய ஒளி உரத்த குரல் மாதிரி. குறைந்த ஒளி முணுமுணுப்பு. இரவில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் பொரி தெரிகிறதே, அது இந்தச் சலசலப்புதான். 1905-இல் பர்னாக்கை ஏமாற்றிய பொரி வேறு காரணத்தால் வந்தது. ஆனால், கேள்வி ஒன்றே: எவ்வளவு சின்னதாக எடுத்தால், எவ்வளவு பெரிதாக்கலாம்?

பர்னாக்கின் கட்டத்துக்குள் பாக்கெட் கேமராவின் சென்சார் ஏறக்குறைய 30 அடங்கும். அதே காட்சியை ஒரே மாதிரித் திறப்புள்ள லென்ஸ் வழியே எடுத்தால், பெரிய கட்டத்துக்கு 30 மடங்கு ஒளி கிடைக்கும். அதனால்தான் கல்யாண மண்டபத்தில் மங்கிய வெளிச்சத்திலும் பெரிய கேமராவின் படம் தெளிவாக இருக்கிறது.

அப்படியானால் சின்ன சென்சார் மட்டமா? இல்லவே இல்லை. சென்சார் சிறிதானால் லென்ஸும் சிறிதாகும், விலையும் எடையும் குறையும். இன்றைய செல்போன்கள் ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்து, ஒன்றாகச் சேர்த்துச் சலசலப்பைக் குறைத்துவிடுகின்றன. பை நிறையக் கருவியைச் சுமக்காமல், கையில் இருப்பதைக் கொண்டு நல்ல படம் எடுப்பதுதானே பர்னாக்கின் கனவு!

அழியாத அளவுகோல்

1979-இல் பர்னாக்கின் நூறாவது பிறந்த ஆண்டை ஒட்டி அவர் பெயரில் புகைப்பட விருது ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 1920-களில் செய்த சோதனைக் கேமராக்களில் 105 என்ற எண் கொண்டது பர்னாக்கிடமே இருந்தது. அவர் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 2022 ஜூனில் நடந்த ஏலத்தில் அது 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு விலைபோனது! எல்லாரும் தயங்கிய கேமராவுக்குக் கிடைத்த மதிப்பைப் பார்த்தீர்களா?

அதைவிடப் பெரிய மரியாதை ஒன்று உண்டு. சில செல்போன்களின் விவரப் பட்டியலில் கேமராவுக்கு எதிரே 24 மி.மீ. அல்லது 26 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். போனின் தடிமனே பத்து மி.மீ. கூட இல்லை. அதற்குள் 26 மி.மீ. எப்படி வந்தது? அந்த லென்ஸின் உண்மையான குவிய தூரம் சில மில்லிமீட்டர்தான். பர்னாக்கின் கட்டத்தில் 26 மி.மீ. லென்ஸ் எவ்வளவு அகலமான காட்சியைக் காட்டுமோ, அவ்வளவு அகலத்தை இந்தப் போனும் காட்டும் என்பதுதான் அதன் பொருள்.

ஃபிலிமே இல்லாத போன்கூட, மலை ஏற முடியாமல் மூச்சு வாங்கிய ஒரு மெக்கானிக்கின் அளவால்தான் தன்னை அளந்துகொள்கிறது. இனி வீட்டில் யாராவது புது போன் வாங்கினால், மெகாபிக்சல் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். சென்சார் எவ்வளவு பெரிது என்றும் கேளுங்கள்!